மணியோசையை அடக்காதீர்கள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். யானையின் கழுத்தில் மணி கட்டியவர்கள் அழகுக்காக மட்டும் அதைக் கட்டவில்லை. தெருவில் நிற்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவும் கட்டினார்கள். ஓசை காதுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிட்டால் ஓசை நிற்கும்; யானை நிற்காது.

இந்தப் பழமொழிக்கும் நம் கணினித் திரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பொறியியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், ஏன், பொருளியல் பயிலும் மாணவர்கள்கூட ஏதாவதொரு தவணையில் வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினியிடம் கொடுத்துத் தீர்வு கேட்கிறோம். மேட்லேப், பைத்தான் போன்றவற்றில் சில வரிகள் எழுதினால் போதும், வளைவரை திரையில் வந்து நிற்கிறது. சில நேரங்களில் அந்த வளைவரையோடு ஓர் எச்சரிக்கையும் வருகிறது. கேட்ட பிழை வரம்புக்குள் தொடர முடியவில்லை, படியளவை இதற்கு மேல் குறைக்க இயலாது என்று ஒரு மென்பொருள் சொல்லும். அளவுக்கு மீறிய வேலை செய்தாகிவிட்டது என்று இன்னொன்று சொல்லும்.

அந்த எச்சரிக்கையைக் கண்டதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “இதை எப்படிப் போக்குவது?” என்பதுதான். “இது என்ன சொல்கிறது?” என்று கேட்பவர் குறைவு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரம், கணிதம் கற்றவனுக்கும் கணினியை இயக்கத் தெரிந்தவனுக்கும் இடையிலுள்ள தூரம் என்பது என் கருத்து. தமிழியல் பயிலும் நண்பர்கள் ‘இது நமக்கு எதற்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கின் வழியே நான் பேச வருவது ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது?

வகைக்கெழுச் சமன்பாடு என்பது ஒரு பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கொண்டு, அது எந்த வேகத்தில் மாறும் என்று சொல்லும் விதி. தொடக்க நிலையும் விதியும் தெரிந்தால் எதிர்காலத்தைப் படிப்படியாகக் கட்டலாம். 1768-ஆம் ஆண்டிலேயே ஆய்லர் இதற்கு எளிய வழி காட்டினார். இப்போதைய வேகத்தில் சிறிது தூரம் நேராகச் செல், புதிய இடத்தில் வேகத்தை மீண்டும் கணக்கிடு, மறுபடியும் செல். இருட்டில் கைவிளக்கோடு நடப்பவரின் நடை இது.

இன்றைய நிரல்கள் இதைவிடக் கவனமாக நடப்பவை. மேட்லேப்பில் நாம் முதலில் கற்கும் ஓ.டி.இ.45 என்ற நிரல், டோர்மண்ட், பிரின்ஸ் ஆகிய இருவர் 1980-இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு படியிலும் அது இரண்டு விதமாக விடையைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. இரண்டும் போதிய அளவு ஒத்துப்போனால் அடுத்த படிக்குச் செல்லும். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் படியைத் தள்ளிவிட்டு, காலைச் சிறிதாக எடுத்து வைத்துப் பார்க்கும். எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே பிழை வரம்பு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த நிரல் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிறது. பைத்தானின் சைபை தொகுப்பிலுள்ள இன்றைய நிரலுக்கும் இயல்பான வரம்பு அதுவே.

படியை எவ்வளவு குறைத்தாலும் வரம்புக்குள் வராதபோது என்ன நடக்கும்? கணினி ஏறக்குறைய 16 இலக்கத் துல்லியத்தில்தான் எண்களை வைத்திருக்கிறது. படி மிகவும் சிறிதாகிவிட்டால் நேரத்தோடு அதைக் கூட்டினாலும் நேரம் நகராது. அந்த இடத்தில் நிரல் நின்று, தன்னால் முடியவில்லை என்று அறிவிக்கிறது. ஆகவே எச்சரிக்கை என்பது மென்பொருளின் குறும்பன்று. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன் என்று அது ஒப்புக்கொள்வது. நம் கல்விச் சூழலில் இத்தகைய நேர்மை மனிதரிடம்கூட அரிதாகத்தான் கிடைக்கிறது!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வழிகள்

இந்த நேர்மைக்கு நாம் அளிக்கும் மரியாதை என்ன? விடுதி அறைகளிலும் கணினிக்கூடங்களிலும் நான் பார்த்துவரும் வழிகள் நான்கு.

முதல் வழி, பிழை வரம்பைத் தளர்த்துவது. ஆயிரத்தில் ஒன்று என்பதை நூற்றில் ஒன்றாக்கு, அதுவும் போதாவிட்டால் பத்தில் ஒன்றாக்கு. எச்சரிக்கை ஓடிவிடும். தேர்வில் தோற்றவனைத் தேர்ச்சி பெறவைக்கத் தேர்ச்சிப் புள்ளியைக் குறைப்பது போன்றது இது.

இரண்டாம் வழி, எச்சரிக்கைகளையே காட்டாதே என்று ஒரு வரியில் கட்டளையிடுவது. மேட்லேப்பிலும் பைத்தானிலும் அதற்கு வசதி உண்டு. மூத்த மாணவரின் நிரலைப் படியெடுக்கும்போது அந்த ஒரு வரியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதைப் பெற்ற இளையவருக்கு எச்சரிக்கை என்ற ஒன்று இருந்ததே தெரியாமல் போகிறது.

மூன்றாம் வழி, நேரத்தைச் சுருக்குவது. பத்து நொடி வரை ஓட்ட வேண்டிய கணக்கு ஏழாம் நொடியில் நின்றால், அறிக்கையில் ஆறு நொடி வரை மட்டும் வரைந்து காட்டுவது. ஏழாம் நொடியில் என்ன நடந்தது என்று கேட்பார் இல்லை.

நான்காம் வழி, குறை சொல்லாத நிரலைத் தேடிப் போவது. நிலையான படியளவில் நடக்கும் ஆய்லர் முறையை நாமே எழுதினால் அது ஒருபோதும் எச்சரிக்காது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளாதவனுக்குச் சந்தேகமும் வராது அல்லவா?

இந்த நான்கும் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஓர் அளவு, தன் வர்க்கத்துக்குச் சமமான வேகத்தில் வளர்கிறது. தொடக்கத்தில் அதன் மதிப்பு 1. ஆறாம் படிவத்தில் கணிதம் பயின்ற எவரும் இதைக் கையாலேயே தீர்த்துவிடலாம். ஒன்றிலிருந்து நேரத்தைக் கழித்து, அந்த எண்ணால் ஒன்றை வகுத்தால் விடை. 0.5 நொடியில் மதிப்பு 2, 0.9 நொடியில் 10, 0.99 நொடியில் 100, 0.999 நொடியில் 1000. ஒரு நொடியை நெருங்க நெருங்க மதிப்பு எல்லையின்றி உயர்கிறது. ஒரு நொடிக்கு அப்பால் இந்தத் தீர்வு செல்வதே இல்லை.

இதை நல்ல நிரலிடம் கொடுத்து இரண்டு நொடி வரை ஓட்டச் சொன்னால், ஒரு நொடி அருகே நின்று எச்சரிக்கும். அது சொல்வது முழு உண்மை. ஆய்லர் முறையில் 0.1 நொடிப் படிகளாக நடந்தால் ஒரு நொடியில் ஏறக்குறைய 6.13 என்று விடை வரும். எச்சரிக்கை இல்லை, வளைவரை அழகாக இருக்கும். முடிவிலிக்குப் பதிலாக 6.13! இந்த எண்ணை அறிக்கையில் எழுதி, மூன்று தசம இடம் வரை துல்லியம் காட்டுபவரை யார் தடுப்பது?

எச்சரிக்கை சொல்லும் செய்திகள்

எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில், அது எந்த நேரத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த எண் எச்சரிக்கையிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதற்குச் சற்று முன்பு வரை ஓட்டி, ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாக வரைந்து பார்த்தால் எது துள்ளுகிறது, எது வீங்குகிறது, எது சுழியைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். மருத்துவர் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதைப் போன்றது இது. இதைச் செய்யாமல் வரம்பை மாற்றுவது, எங்கே வலிக்கிறதென்று கேட்காமலேயே வலி மாத்திரை கொடுப்பது.

அடுத்து, நாம் எழுதிய சமன்பாட்டையே சந்தேகிக்க வேண்டும். மாணவர் கணக்குகளில் குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருப்பான். ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியானால், தணிய வேண்டிய அதிர்வு வளர்ந்து வெடிக்கும். நிமிடத்துக்கான மாறிலியை நொடிக்கான கணக்கில் இட்டால் எல்லாம் அறுபது மடங்கு வேகத்தில் ஓடும். தொடக்க நிலையில் மாறும் வேகம் என்னவென்று காகிதத்தில் ஒரு முறை கணக்கிட்டு, நிரல் தரும் எண்ணோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் இவை பிடிபடும். தமிழ்ப்பள்ளியில் வகுத்தல் கணக்கு முடிந்ததும், விடையை வகுத்த எண்ணால் பெருக்கிச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் எங்கே போனது?

சமன்பாடு சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அது இயற்கையைப் பற்றியே ஏதோ சொல்கிறது என்று பொருள். தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்குத் தண்ணீர்த் தடையும் காலித் தொட்டியும் புதியவை அல்ல. தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே நீர் வெளியேறும் வேகம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது பதினேழாம் நூற்றாண்டில் டொரிசெல்லி கண்ட விதி. இதன்படி தொட்டி ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முழுவதும் காலியாகிவிடும். நிரலுக்கு அது தெரியாது. அடுத்த படியை வைத்துப் பார்க்கும்போது நீர்மட்டம் சுழிக்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது. எதிர்ம எண்ணுக்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் ஏது? பைத்தான், செல்லாத மதிப்பு என்று எச்சரித்து, ‘எண் அல்ல’ என்ற விடையைத் தருகிறது. மேட்லேப் வாய் பேசாமல் கலப்பெண்ணுக்கு மாறிக்கொள்கிறது. வரைபடம் வரையும்போதுதான் கற்பனைப் பகுதி விடப்பட்டது என்று மெல்லச் சொல்கிறது. அதையும் அணைத்துவிட்டால், காலியான தொட்டியிலிருந்து கற்பனை நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும்! இங்கே எச்சரிக்கையின் செய்தி எளிது. தொட்டி காலியான பிறகு என்ன செய்வது என்று நாம் சொல்லவில்லை. நீர்மட்டம் சுழியைத் தொட்டதும் நிறுத்து என்று ஒரு நிகழ்வு நிபந்தனை எழுதினால் வேலை முடிந்தது. பிழை வரம்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இன்னொரு வகை எச்சரிக்கை, சமன்பாட்டின் விறைப்பிலிருந்து வருவது. ஒரே அமைப்பில் மிக வேகமாக மாறுவதும் மிக மெதுவாக மாறுவதும் சேர்ந்திருந்தால் அதை விறைப்பான சமன்பாடு என்கிறோம். கர்ட்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் ஆகிய வேதியியலாளர்கள் 1952-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவிய பெயர் இது. ராபர்ட்சன் 1966-இல் தந்த மூன்று வேதிவினைகளின் கணக்கு இன்றும் நிரல்களைச் சோதிக்கப் பயன்படுகிறது. அதில் மிகச் சிறிய மாறிலி 0.04, மிகப் பெரியது 3 கோடி. எண்களாகப் பார்த்தால் 750 மில்லியன் மடங்கு வேறுபாடு.

இத்தகைய கணக்கில் வேகமான பகுதி கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும். வளைவரை வழவழப்பாக இருக்கும். ஆயினும் சாதாரண நிரலால் பெரிய படி வைக்க முடியாது. நொடிக்கு ஆயிரம் என்ற வேகத்தில் தணியும் பகுதி ஒன்று இருந்தால், ஆய்லர் முறையின் படி 0.002 நொடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் விடை அலைபாய்ந்து வெடிக்கும். ஒரு மணி நேரத்தைக் கணக்கிட 1.8 மில்லியன் படிகள் வேண்டும். எனவே சில நிரல்கள் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சைபையின் பழைய தொகையீட்டு நிரல், நாம் விடை கேட்ட இரு நேரங்களுக்கிடையே 500 படிகளைக் கடந்துவிட்டால், அளவுக்கு மீறிய வேலை என்று கூறி நின்றுவிடுகிறது.

வளைவரை வழவழப்பாக இருந்தும் படிகள் மிகச் சிறியனவாக இருந்தால் விறைப்பைச் சந்தேகியுங்கள். மருந்து, இத்தகைய சமன்பாடுகளுக்கென்றே அமைந்த உள்ளார்ந்த முறைகள். மேட்லேப்பில் ஓ.டி.இ.15எஸ் அப்படிப்பட்டது. நிரலை மாற்றுவது மேலே சொன்ன நான்காம் வழியைப் போலத் தோன்றலாம். அது வேறு, இது வேறு. காரணத்தை அறிந்து மாற்றுவது மருத்துவம். எது கத்தவில்லையோ அதைத் தேர்ந்தெடுப்பது தப்பித்தல்.

ஓசை இல்லாதபோதும் யானை வரலாம்

எச்சரிக்கை வரவில்லை என்றால் நிம்மதியாக உறங்கலாமா? அதுவும் இல்லை.

நம் சமூகத்தில் நீரிழிவு நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரத்தத்திலுள்ள குளுக்கோசும் இன்சுலினும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதற்கு 1979-இல் பெர்க்மனும் அவருடைய குழுவினரும் வகைக்கெழுச் சமன்பாடுகளால் ஒரு மாதிரியை அமைத்தார்கள். உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் பலர் பயிலும் மாதிரி அது. குளுக்கோசின் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 0.005 மோல். இன்சுலினோ அதைவிடப் பல மில்லியன் மடங்கு குறைவு. இரண்டையும் ஒரே அலகில் எழுதி, இயல்பான வரம்போடு ஓட்டினால் என்ன ஆகும்? விகிதப் பிழைக்கு ஆயிரத்தில் ஒன்று என்பதோடு, மில்லியனில் ஒன்று என்ற தனிப்பிழை வரம்பும் நிரலில் இருக்கிறது. இன்சுலினின் மொத்த அளவே அந்த வரம்பைவிடச் சிறியது. ஆகவே இன்சுலின் எவ்வளவு தவறாகப் போனாலும் அது வரம்புக்குள்தான் இருக்கிறது! நிரல் ஒரு சொல்லும் சொல்லாது. அலகை மாற்றி எழுதுவதோ, ஒவ்வொரு மாறிக்கும் தனி வரம்பு கொடுப்பதோ நம் பொறுப்பு.

மாத்திரை, ஊசி போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சில நிமிடங்கள் மட்டும் மருந்து உடலில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட நேரத்தில் எல்லாம் அமைதியாக இருப்பதால் நிரல் படியை நீட்டிக்கொண்டே போகும். அப்படி நீண்ட ஒரு படியில் அந்தச் சில நிமிடங்களை அது தாண்டிப் போய்விடலாம். நோயாளி மருந்தே உட்கொள்ளாதது போன்ற வளைவரை வரும், எச்சரிக்கை இல்லாமல். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு நேரத்திலும் கணக்கை நிறுத்தி, புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பான வழி.

ஆகவே எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பிழை வரம்பை நூறு மடங்கு இறுக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு வளைவரைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் ஓரளவு நம்பலாம். விலகினால் முதல் விடையை நம்பக்கூடாது. உராய்வில்லாத ஊசல் போன்ற கணக்காக இருந்தால் அதன் மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

“நேரமில்லை” என்ற வாதம்

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு என்பதை அறிவேன். ஒரு தவணையில் ஆறு பாடம், எல்லாவற்றுக்கும் அறிக்கை, இதற்கிடையில் ஒவ்வோர் எச்சரிக்கையையும் துருவிக்கொண்டிருந்தால் எப்போது முடிப்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எச்சரிக்கைகளில் பாதி தீங்கற்றவை என்றும் சிலர் சொல்கிறார்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. தீங்கற்ற எச்சரிக்கைகளும் உள்ளன. 500 படி வரம்பை எட்டியதற்குக் காரணம், நாம் விடை கேட்ட நேரங்கள் மிகவும் தள்ளித் தள்ளி இருந்ததாகக்கூட இருக்கலாம். அப்போது அந்த எண்ணை உயர்த்துவதில் தவறே இல்லை. ஆனால் தீங்கற்றது என்று முடிவு செய்வதற்கே அதைப் படித்தாக வேண்டுமே! படிக்காமலே தீங்கற்றது என்பவர், கடிதத்தைப் பிரிக்காமலே நல்ல செய்தி என்று சொல்பவர்.

நேரத்தைப் பொறுத்தவரை, எச்சரிக்கை நம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். எங்கே தேட வேண்டும் என்று அது விரல் நீட்டிக் காட்டுகிறது. அதை அணைத்துவிட்டு, விளக்கக்கூட்டத்தில் விரிவுரையாளர் “இந்த இடத்தில் வளைவரை ஏன் இப்படி வளைகிறது?” என்று கேட்கும்போது விழிப்பதில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடுமே என்பது இன்றைய வாதம். கேளுங்கள், தவறில்லை. எச்சரிக்கையின் பொதுப் பொருளை அது விளக்கும். ஆனால் உங்கள் தொட்டி எப்போது காலியாகும், உங்கள் மாறிலி நிமிடத்துக்கா நொடிக்கா, உங்கள் நோயாளி எத்தனை மணிக்கு மருந்து எடுத்தார் என்பவை நீங்கள் சொல்லாதவரை அதற்குத் தெரியாது. எச்சரிக்கை வரியை மட்டும் வெட்டி ஒட்டிக் கேட்டால், எச்சரிக்கையை மட்டும் போக்கும் விடை கிடைப்பதில் வியப்பென்ன?

சிவப்பு மையின் அச்சம்

நாம் ஏன் எச்சரிக்கையைக் கண்டு அஞ்சுகிறோம்? சிறு வயதிலிருந்தே சிவப்பு மை என்றால் தவறு, தவறு என்றால் தலைகுனிவு என்று பழகிவிட்டோம். தேர்வுக் கணக்குகளும் நம்மை ஏமாற்றுகின்றன. பள்ளியிலும் ஆறாம் படிவத்திலும் தரப்படும் சமன்பாடுகள் அழகான விடை வரும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதனால் விடை அழகாக வராவிட்டால் நம்மிடம்தான் ஏதோ குறை என்று எண்ணி, குறையை மூடுகிறோம். அறிக்கைகளைத் திருத்தும் முறையும் இதற்குத் துணை போகிறது. சுத்தமான வரைபடத்துக்குப் புள்ளி உண்டு. எங்கே இடறியது, எப்படி அறிந்து சரிசெய்தோம் என்பதற்குப் புள்ளி ஒதுக்கப்படுவது அரிது.

ஒத்துவராத விடையை ஒதுக்கித் தள்ளாததால் ஓர் அறிவியல் துறையே செழித்த வரலாறு உண்டு. 1961-இல் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்டு லாரன்ஸ், பன்னிரண்டு மாறிகள் கொண்ட வானிலைச் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை நடுவிலிருந்து மீண்டும் தொடங்க, அச்சிட்ட தாளிலிருந்த எண்ணை உள்ளிட்டார். கணினிக்குள் இருந்தது 0.506127, தாளில் இருந்தது 0.506. சிறிது நேரத்தில் புதிய வானிலை பழையதிலிருந்து முற்றிலும் விலகிவிட்டது. இயந்திரக் கோளாறாக இருக்கும் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். ஆனால் அதோடு விட்டுவிடாமல், விலகல் எங்கே தொடங்கியது என்று தேடினார். 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு அடித்தளமாயிற்று. இரண்டாவது தாளைக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால் அவருக்கும் அன்று வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் பட்டம் பெற்ற பிறகும் நம்மோடு வரும். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், தொற்று வளைவரையைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள்கூடப் பேசினார்கள். அத்தகைய கணிப்புகளின் வேர், கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-இல் தந்த வகைக்கெழுச் சமன்பாடுகளில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதையும் பார்த்தோம். ஆற்றுநீரின் ஓட்டத்தைக் கணிக்க உதவுவது, செயின்ட் வெனாந்த் 1871-இல் எழுதிய சமன்பாடுகள். நாளை இத்தகைய கணக்குகளை ஓட்டும் நாற்காலிகளில் நம்மில் சிலர் அமர்வோம். அங்கே மூடப்படும் எச்சரிக்கைக்குப் பின்னால் மக்களின் வீடுகள் இருக்கும்.

ஆகவே நண்பர்களே, இரண்டு செயல்களை முன்வைக்கிறேன். ஒன்று, இறுதியாண்டு ஆய்வறிக்கையில் ‘எழுந்த எச்சரிக்கைகளும் அவற்றின் காரணங்களும்’ என்று ஒரு பக்கம் சேர்ப்போம். யாரும் கேட்காவிட்டாலும் சேர்ப்போம். நம்மிடமிருந்து நிரலைப் பெறும் இளைய மாணவருக்கு, எச்சரிக்கையை அணைக்கும் வரியை நீக்கிவிட்டுக் கொடுப்போம்.

மற்றொன்று, ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கையைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். தமிழில் எண்ணக் கற்று, மலாயில் பாடம் படித்து, ஆங்கிலத்தில் நிரல் எழுதுபவர்கள் நாம். மொழி மாறும்போது மனனம் செய்த சொற்கள் உதிர்ந்துவிடும். புரிந்தது மட்டும் கூட வரும். ‘படியளவைக் குறைக்க இயலவில்லை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. ‘தொட்டி காலியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று நீ சொல்லவில்லை’ என்று உங்கள் கணக்குக்கு ஏற்றபடி ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா? முடிந்தால் நோய் தெரிந்துவிட்டது, மருந்து தேடலாம். முடியாவிட்டால் இன்னும் ஒரு முறை வரைந்து பாருங்கள், பக்கத்து அறை நண்பரை அழைத்துக் கேளுங்கள். அதுவரை பிழை வரம்பின் மேல் கை வைக்காதீர்கள்.